ஜன்னலில் இருந்து வந்த ஈயம்

மகளுக்கு இரண்டு வயது முடிந்திருந்தபோது, ரத்தசோகைக்காகத்தான் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். கண்டதையெல்லாம் வாயில் வைக்கிறாள், அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள் என்று சொன்னதும், ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம் என எழுதிக் கொடுத்தார். விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தில், டெசிலிட்டருக்கு 14 மைக்ரோகிராம் என்று வந்தது.

அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம் என்றார் மருத்துவர். விரலில் ஒட்டியிருக்கும் தூசியில் ஈயம் இருந்தால், அதுவும் ரத்தத்துளியோடு சேர்ந்து கணக்கில் ஏறிவிடுமாம். கை நரம்பிலிருந்து மறுபடி எடுத்தபோது 11. அதில் ஆறுதல் பட ஒன்றுமில்லை. 5 வந்தாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதுகாப்பான அளவு என்று எதையுமே அது ஒப்புக்கொள்வதில்லை.

மருந்து எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். ஈயத்தை வெளியேற்றும் மருந்தைப் பொதுவாக 45 மைக்ரோகிராமைத் தொட்டால்தான் யோசிப்பார்கள், அதற்குப் பக்கவிளைவுகளும் உண்டு என்றார். “வீட்டில் அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள், அதுதான் இப்போதைக்கு வைத்தியம்.” கையில் மருந்துச் சீட்டு இல்லாமல் திரும்பியது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

ஆனால் அவர் கேட்ட கேள்விகள் உதவின. வீடு எவ்வளவு பழையது? தண்ணீர்க் குழாய் எதனால் ஆனது? வீட்டில் யாராவது பேட்டரி, பெயிண்ட் வேலைக்குப் போகிறீர்களா? (வேலை உடுப்பிலேயே ஈயத்தூள் வீட்டுக்குள் வந்துவிடும்.) குழந்தை அதிக நேரம் எங்கே இருக்கிறாள்? கடைசிக் கேள்விக்குப் பதில் சுலபம். கட்டிலில் ஏறி நின்று, ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்ப்பதுதான் அவளுக்கு முழுநேர வேலை.

அந்த ஜன்னலைக் குனிந்து பார்த்தேன். கதவு சட்டத்தோடு உராயும் இடத்தில் வெள்ளைப் பெயிண்ட் தேய்ந்து, அடியில் பழைய பச்சைப் பூச்சு தெரிந்தது. விளிம்பின் பள்ளத்தில் மாவுபோல் நைந்த தூள். விரலால் தொட்டால் ரேகைகளுக்குள் புகுந்துகொண்டது. அதையும் ஒரு பெயிண்ட் சில்லையும் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். இரண்டிலும் ஈயம் இருந்தது.

அதே வீட்டில்தான் நாங்களும் இருக்கிறோம், அவளுக்கு மட்டும் ஏன் என்பதற்கும் விடை கிடைத்தது. வயிற்றுக்குள் போகும் ஈயத்தில், பெரியவர்களைப் போல நான்கைந்து மடங்கைச் சிறு குழந்தைகளின் உடல் உறிஞ்சிவிடுகிறது. இரும்புச்சத்து குறைந்தால் இன்னும் அதிகமாக. ஈயமோ ரத்தம் உருவாவதையே கெடுக்கும். ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் பார்க்க முடியாது என்பதால் இரும்புச்சத்து மருந்தும் உடனே தொடங்கியது.

பெயிண்டை எடுக்க வந்தவர் நேராக உப்புத்தாளோடு வந்தார். நல்லவேளை, தேய்ப்பதற்கு முன் தடுத்துவிட்டேன். உலர்ந்த பூச்சைத் தேய்த்தால் வீடு முழுக்க ஈயத்தூசி பரவும். மகளை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அறையைப் பிளாஸ்டிக் விரிப்பால் அடைத்து, ஈரப்படுத்திச் சுரண்டி, சட்டத்தையே மாற்றினோம். துடைப்பத்துக்குப் பதில் ஈரத்துணி. சாப்பிடும் முன்னும் தூங்கும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுதல். கிருமிநாசினித் திரவம் கிருமியைக் கொல்லும், ஈயத்தை அகற்றாது.

எண் உடனே விழவில்லை. ரத்தத்தில் இருப்பது பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். எலும்பில் படிந்ததோ வருடக்கணக்கில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். 11, பிறகு 8, அடுத்தது 7. ஒவ்வொரு முறையும் நரம்பிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் குறைந்ததா, தூசி ஏமாற்றியதா என்றே தெரியாது.

இப்போது 4. ரத்தத்தில் ஈயம் குறைந்தாலும் மூளைக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய பாதிப்பு மறையாது என்பதையும், கவனக்குறைவும் படிப்பில் பின்தங்கலும் பள்ளி வயதில்தான் வெளியே தெரியலாம் என்பதையும் மருத்துவர் மறைக்காமல் சொன்னார். அதனால் பேச்சு, வளர்ச்சி மதிப்பீடுகளைப் பள்ளியில் சேர்ந்த பிறகும் தொடரச் சொல்லியிருக்கிறார். அடுத்த மதிப்பீட்டுக்கு நேரம் வாங்கியாகிவிட்டது.