காவல்: 23 நாட்களில் நான் படித்த சொல்

வரப்புத் தகராறில் பக்கத்து வயல்காரருக்குத் தலையில் வெட்டுக்காயம் ஏற்பட்ட அன்று இரவு 9 மணிக்குக் காவலர்கள் இருவர் எங்கள் வீட்டுக்கு வந்து, 'ஒரு விசாரணைதான், காலையில் அனுப்பிவிடுகிறோம்' என்று சொல்லி என் தம்பியை அழைத்துச் சென்றார்கள். 30 ஆண்டுகள் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். விசாரணை, கைது, காவல் ஆகிய மூன்றும் வெவ்வேறு சொற்கள் என்பது எனக்குத் தெரியும். அவை வெவ்வேறு நிலைகள் என்பது அன்று இரவு எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை நிலையத்துக்குப் போனபோது கைதுக் குறிப்பாணை என்ற ஒரு தாளை நீட்டி, குடும்பத்தார் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். போட்டேன். அதில் கைதான நேரம் காலை 11 மணி என்று இருந்ததைப் பிற்பகலில் வழக்கறிஞர்தான் எனக்குக் காட்டினார். 'சார், ராத்திரி ஒம்பது மணிக்கே கூட்டிட்டுப் போனாங்கன்னு சொல்றீங்க, இதுல பதினொண்ணுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே' என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒவ்வொரு கைதிலும் காவல் உண்டு, ஆனால் காவல் எல்லாம் கைது ஆகிவிடாது என்று 1994இல் தீபக் மகாஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவர் அப்போது எடுத்துச் சொன்னார். கைது என்பது சட்டப்படி ஒருவரைப் பிடிக்கும் செயல். காவல் என்பது அவர் தம் விருப்பப்படி எழுந்து போக முடியாதபடி பிறர் கட்டுப்பாட்டில் இருக்கும் நிலை. அப்படிப் பார்த்தால் நிலையத்துப் பெஞ்சில் என் தம்பி உட்கார்ந்திருந்த அந்த இரவும் காவல்தான். கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசமைப்பின் 22ஆம் உறுப்பு சொல்கிறது. மாலை 6 மணிக்கு அவனை நடுவர் முன் நிறுத்திவிட்டதால், எந்தக் கணக்கில் பார்த்தாலும் அந்தக் கெடு தாண்டவில்லை. இருந்தாலும், படிக்காமல் போட்ட அந்தக் கையெழுத்து இன்றும் என்னை உறுத்துகிறது.

நடுவர் 15 நாள் நீதிமன்றக் காவல் என்று உத்தரவிட்டார். அடுத்த நாள் காலை நானும் அம்மாவும் தூக்குவாளியில் இட்லி எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போய், அவன் எந்த அறையில் இருக்கிறான் என்று விசாரித்தோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நீதிமன்றக் காவல் என்றால் நீதிமன்றத்தில் வைத்திருப்பார்கள் என்றே இருவரும் நினைத்திருந்தோம். அங்கிருந்த ஊழியர் ஒருவர் சிரிக்காமல், கிளைச் சிறைக்குப் போகும் வழியைச் சொன்னார். சொல்லின் முன்பகுதி ஆள் இருக்கும் இடத்தைச் சுட்டுவதில்லை, ஆள் யார் பொறுப்பில் இருக்கிறார் என்பதைச் சுட்டுகிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உடல் சிறையில் இருந்தாலும் பொறுப்பு நீதிமன்றத்தினுடையது. அதன் அனுமதி இல்லாமல் போலீஸ் அவனை அங்கே போய் விசாரிக்க முடியாது. ரிமாண்ட் என்று எல்லோரும் சொல்வது, இவ்வாறு காவலுக்கு அனுப்பும் உத்தரவைத்தான்.

ஆறாம் நாள், 'காவலில் எடுத்து விசாரிக்க' ஐந்து நாள் கேட்டுப் போலீஸ் தரப்பில் மனு வந்தது. ஏற்கெனவே காவலில் இருப்பவனை எப்படிக் காவலில் எடுப்பார்கள் என்று நான் குழம்பினேன். வழக்கறிஞர்கள் கஸ்டடி என்று சுருக்கிச் சொல்லும் போலீஸ் காவல் இதுதான். இதில் பொறுப்பு மட்டுமல்ல, ஆளே போலீசார் கைக்குப் போய்விடுகிறார். முன்பு முதல் 15 நாட்கள் கழிந்துவிட்டால் இந்தக் கவலை தீர்ந்துவிடும். 1992இல் அனுபம் குல்கர்னி வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் வரையறுத்திருந்தது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187ஆம் பிரிவோ, அந்த 15 நாட்களை, வழக்கின் தன்மையைப் பொறுத்து, முதல் 40 அல்லது 60 நாட்களுக்குள் துண்டு துண்டாகவும் கேட்க வழி செய்துவிட்டது. எங்களுடையது கொலை முயற்சி வழக்கு என்பதால் 60 நாள் கணக்கு. இரண்டு நாள் அனுமதி கிடைத்தது. அந்த இரண்டு இரவுகளும் அம்மா படுக்கவில்லை.

இதற்கிடையே டீக்கடையில் யாரோ, 'குண்டாஸ் போடப் போறாங்களாம்' என்று கிளப்பிவிட்டார். குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆம் சட்டம் தருவது தடுப்புக் காவல். செய்த குற்றத்துக்காக அல்லாமல், இனிச் செய்யக்கூடும் என்பதற்காக, நீதிபதி அல்லாத மாவட்ட ஆட்சியரோ காவல் ஆணையரோ பிறப்பிக்கும் உத்தரவு அது. 12 மாதம் வரை நீளலாம். மூல வழக்கில் ஜாமீன் வாங்கினாலும் அந்த உத்தரவு விலகாமல் வெளியே வர முடியாது. இத்தகைய உத்தரவுகளைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்திலோ ஆட்கொணர்வு மனு மூலம் உயர் நீதிமன்றத்திலோதான் அதை எதிர்க்க வேண்டும். நல்ல வேளையாக, டீக்கடைப் பேச்சு டீக்கடையோடு போயிற்று.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் தொலைபேசியில், 'தம்பி மறியலிலயோ இருக்கிறார்?' என்று கேட்டார். சாலையில் உட்கார்ந்து செய்யும் மறியலைத் தவிர வேறொன்றை அறியாத நான், அவன் எந்தப் போராட்டத்துக்கும் போகவில்லை என்றேன். அங்கே மறியல் என்றால் சிறை; நாம் நீதிமன்றக் காவல் என்பதை அவர்கள் விளக்கமறியல் என்கிறார்கள். அத்தனை கலக்கத்திலும் அந்தச் சொல்லை நான் ரசித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். விளக்கமறியல் என்று சொல்லியிருந்தால் அம்மாவும் நானும் இட்லியைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போயிருக்க மாட்டோம்.

22ஆம் நாள் அமர்வு நீதிமன்றத்தில் நிபந்தனை ஜாமீன் கிடைத்தது. ஜாமீன்தாரர்கள் இருவரின் பத்திரங்கள் சரிபார்க்கப்பட்டு உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர்வதற்குள் மாலை அடைப்பு முடிந்துவிட்டதால், அவன் 23ஆம் நாள் காலையில்தான் வெளியே வந்தான். நாள்தோறும் காலை 10.30 மணிக்கு நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை.

பின்னாளில் தண்டனை என்று ஏதேனும் வந்தால், காவலில் இருந்த நாட்களை அதிலிருந்து கழித்துக்கொள்ள அதே சன்ஹிதாவின் 468ஆம் பிரிவு இடம் தருகிறது. அதனால் வழக்குக் கட்டின் மேலட்டையில் 23 என்று எழுதிவைத்திருக்கிறேன். போலீஸ் காவலில் இருந்த இரண்டு நாட்களும், உத்தரவு தாமதமாகப் போனதால் கூடுதலாக இருந்த இரவும் அதில் அடக்கம். நிலையத்துப் பெஞ்சில் கழிந்த முதல் இரவு அடங்கவில்லை. கைதானது காலை 11 மணிக்கு என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.