முதலில் ஆல்ச்சி, அப்புறம் கணவாய்

சிங்கப்பூரிலிருந்து லடாக்கிற்குத் தமிழ்க் குழுக்களை அழைத்துப் போவது என் வேலை. வண்டியை நான் ஓட்டுவதில்லை. எப்போதும் லே நகரத்து ஓட்டுநர்தான். அவருக்குப் பக்கத்து இருக்கை எனக்கு. நான் தொழில் கற்றுக்கொண்டது அந்த இருக்கையில்தான்.

நம் ஊரிலேயே உயரமான புக்கித் தீமா குன்று 163 மீட்டர். லே சுமார் 3,500 மீட்டர். சாங்கியில் விமானம் ஏறி டெல்லியில் மாறினால், மறுநாள் காலையில் அங்கே இறங்கிவிடலாம். ஆனால் உடம்பு அந்தக் காற்றுக்குப் பழக இரண்டு நாளாவது ஆகும். படி ஏறாமல், தண்ணீர் குடித்துக்கொண்டு, சும்மா இருக்க வேண்டும். காசு கொடுத்து வந்தவர்களிடம் சும்மா இருங்கள் என்று சொல்வதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி.

ஆரம்ப வருடங்களில் நானும் அதைச் சொல்லவில்லை. அப்போது நான் இருந்த நிறுவனம் போட்ட திட்டத்தில் இரண்டாம் நாளே கர்துங் லா கணவாய். லேயிலிருந்து கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர், சாங்கியிலிருந்து துவாஸ் போகிற தூரம்தான். அதற்குள் 1,800 மீட்டருக்கு மேல் ஏறிவிடும். உச்சியில் அப்போது இருந்த பலகை 18,380 அடி என்றது. சரியாக அளந்தால் 5,359 மீட்டர்தான், அதாவது சுமார் 17,600 அடி. எந்தக் கணக்கில் பார்த்தாலும், மூச்சில் கிடைக்கும் பிராணவாயு கடல் மட்டத்தில் கிடைப்பதில் பாதிதான்.

அப்படி ஒரு பயணத்தில், அன்று காலை உணவின்போதே ஓட்டுநர், அம்மாஜி சரியாகச் சாப்பிடவில்லை, நாளைக்குப் போகலாம் என்றார். அவர் சொன்னது தேக்காவில் புடவை வியாபாரம் பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அம்மாவை. லேசாகத் தலைவலி, அவ்வளவுதான் தம்பி என்று அந்த அம்மாவும் சொல்லிவிட்டார். நான் கையில் இருந்த அட்டவணையை நம்பினேன்.

கணவாயில் இறங்கியதும் எல்லோரும் கொடித் தோரணங்களுக்குக் கீழே படம் எடுக்கப் போய்விட்டார்கள். அந்த அம்மா மட்டும் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். போய்ப் பார்த்தேன், உதடு நீலம் பாரித்திருந்தது. "கடையைப் பூட்டியாச்சா?" என்று என்னிடம் கேட்டார். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

ஓட்டுநர் ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் இருந்த ஆக்சிஜன் சிலிண்டரை எடுத்துக் கொடுத்தார், எல்லோரையும் ஏற்றினார், வண்டியைத் திருப்பினார். உயரத்தால் வரும் அந்த நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவதுதான். மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும். அதை ஒரு நாளும் மீறாத மனிதர், அன்று விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்து, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து வழி கேட்டுக்கொண்டே இறங்கினார். ஏறி வந்த ராணுவ லாரிகள் மலைப்பக்கமாக ஒட்டி நின்று வழிவிட்டன. தார் போட்டுக்கொண்டிருந்த சாலைப் பணியாளர்கள் பீப்பாயை உருட்டி ஓரத்தில் தள்ளினார்கள். அவர்களில் பலர் ஜார்க்கண்டிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் வருகிறவர்கள். வெயிலுக்கும் தூசிக்கும் முகத்தில் துணி சுற்றிய அந்தப் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம், நம் ஊரில் லாரியின் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போகும் தம்பிகள் என் நினைவுக்கு வருவார்கள்.

அந்த அம்மா ஓர் இரவு மருத்துவமனையில் இருந்தார். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். ஓட்டுநர் வீட்டுக்குப் போகாமல், குடுவையில் வெண்ணெய்த் தேநீரோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்டேன். அம்மாஜியிடம் கேளுங்கள் என்றார். கேட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு குழுவுக்கும் திட்டத்தை நானே போடுகிறேன். இரண்டு நாள் ஓய்வு. மூன்றாம் நாள் ஆல்ச்சி. அது சிந்து நதியோரமாக லேயைவிடத் தாழ்வான ஊர்; மூச்சுக்கு இதம். அங்குள்ள பௌத்த மடம் மற்ற மடங்களைப் போல மலை உச்சியில் இல்லை, பாதாமி மரங்களுக்கு நடுவே சமதரையில் இருக்கிறது. கணவாய் எல்லாம் அதற்கு அப்புறம்தான். இதற்காகவே விலகிப்போன வாடிக்கையாளர்கள் உண்டு, போகட்டும்.

அந்தப் பயணத்திலும், மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு, மிச்சமிருந்த நாளில் ஆல்ச்சிக்குத்தான் போனோம். மூன்று மாடிக் கோயிலுக்குள் இருட்டு. மூன்று பெரிய மண் சிலைகள்; தலைகள் மேல்மாடிக்குள் போய்விடுவதால் கீழே நிற்பவர் கண்ணில் முதலில் படுவது இடுப்பு வேட்டிதான். அவற்றில் ஒன்றான, கருணையின் போதிசத்துவர் அவலோகிதேசுவரரின் வேட்டி முழுக்கக் காஷ்மீரத்துக் கோயில்களும் மாளிகைகளும் சின்னச் சின்னதாகத் தீட்டப்பட்டிருக்கும். எண்ணூறு வருடத்துக்கும் மேற்பட்ட வண்ணம். படம் எடுக்க அனுமதி இல்லை.

அந்த அம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிட்சு கைவிளக்கை மெல்லக் கீழே இறக்கிக் காட்டினார்.

"தம்பி, இந்தக் கரையைப் பாருங்க. நாற்பது வருஷம் சேலை வித்தேன், இப்படி ஒரு கரை பார்த்ததில்லை."

வாசலில் ஓட்டுநர் அவருடைய செருப்பைத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.