அண்ணாச்சி வாட்ச்சும் பரோட்டா மாஸ்டரும்

எங்க செங்கோட்டையில ஆடி மாசம் கணவாய்க் காத்தும் சாரலும் சேர்ந்தே வரும். சாயங்காலமானா நானும், ரிட்டயர்டு கண்டக்டர் அண்ணாச்சியும், ஆரியங்காவுல இருந்து இங்க வந்து சிப்ஸ் கடை போட்டிருக்கிற சேட்டனும் பிரானூர் பார்டர் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வருவோம். 1956 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துல இருந்தது. அந்த எல்லை போயிட்டு, ‘பார்டர்’ங்கிற பேரு மட்டும் பரோட்டாக்கடைகளோட ஒட்டிக்கிட்டு.

உடம்பைப் பாத்துக்க ஆளுக்கொரு வழி. நமக்கு ஆடின்னா சேட்டனுக்கு மலையாளக் கர்க்கடக மாசம். ஞவரை அரிசி, வெந்தயம், மருந்துச் சாமானெல்லாம் போட்டுக் கஞ்சி குடிப்பார். அந்த மாசம் கறி, மீன் தொடமாட்டார். ராத்திரி ராமாயணம் வாசிச்சா மனசுக்கும் ஆச்சாம். எனக்குக் குத்தாலத்துல முதுகைக் கொடுத்து நின்னாப் போதும். அந்த அடியில எந்தக் கவலை நிக்கும்? அப்புறம் வருற பசிதான் ஆபத்து.

அண்ணாச்சிக்கு மகன் பெங்களூர்ல இருந்து ஸ்மார்ட் வாட்ச் அனுப்பியிருந்தான். தினம் 10,000 ஸ்டெப்பு. “அண்ணாச்சி, இது டாக்டர் சொன்ன கணக்கு இல்ல. 1965ல ஜப்பான்ல வித்த ஒரு நடை எண்ணுற கருவியோட கிளம்பின கணக்கு. உலக சுகாதார நிறுவனமே வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமா நடந்தாப் போதும்னுதான் சொல்லுது”ன்னேன்.

“அது எனக்குப் புரியுதுடே, வாட்ச்சுக்குப் புரியணுமே”ன்னுட்டார்.

ஓடுற பஸ்ஸுல கம்பியில சாஞ்சு நின்னுக்கிட்டே தூங்கின மனுஷன். இப்பக் காலையில ‘ஆழ்ந்த தூக்கம் 40 நிமிஷம்’னு பாத்துட்டு, அந்தக் கவலையில ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடக்கார். “தூங்குறதுக்கும் மார்க்கு போடுதாம், இதைக் காசு கொடுத்து வேற வாங்கியிருக்கான்”னு மைனி தலையில அடிச்சுக்கிடுவாங்க.

அன்னைக்கு வழியில மழை பிடிச்சுக்கிட்டு. ஒரு பரோட்டாக்கடையில ஒதுங்கினோம். வாட்ச்சு 6,200ல நிக்குது. அண்ணாச்சிக்கு முகமே செத்துப்போச்சு. கல்லுக்கிட்ட மாஸ்டர் மாவை வீசிக்கிட்டிருந்தார். அதையே பாத்துக்கிட்டிருந்த அண்ணாச்சி, சட்டுனு வாட்ச்சைக் கழட்டி, “தம்பி, இதக் கொஞ்சம் கையில போட்டுக்கோயேன்”ன்னார்.

மாஸ்டர் வீசுனார், சுருட்டுனார், சுட்டதை அடுக்கி ரெண்டு கையாலயும் பக்கவாட்டுல தட்டுனார். தட்டத் தட்ட ஸ்டெப்பு ஏறுது! அண்ணாச்சி நிம்மதியா நாலு பரோட்டாவும் நாட்டுக்கோழியும் சொன்னார். சேட்டன் கட்டன்சாயாவைக் கையில வச்சுக்கிட்டு, “எந்தொரு வியாயாமம்! என்னா ஒரு உடற்பயிற்சி!”னு பெருமூச்சு விட்டார்.

கொஞ்ச நேரத்துல வாட்ச்சு நடுங்கிச்சு. 10,000! “அண்ணாச்சி, இன்னும் ரெண்டு கிலோ மாவு கிடக்கு. நாளைக் கணக்கையும் முடிச்சிரட்டா?”ன்னு மாஸ்டர் கேக்கும்போதே மகன்கிட்ட இருந்து போன்.

“அப்பா! ஹார்ட் பீட் 140 காட்டுதே! எங்க இருக்கீங்க? மூச்சு வாங்குதா?”

வாய் நிறைய பரோட்டாவோட அண்ணாச்சி, “ம்ம்... ம்ம்ம்...”னார்.

“பேசவே முடியலையா! அசையாம அப்படியே உக்காருங்கப்பா, ஆம்புலன்ஸ் சொல்லுதேன்!”