ஆபீசுக்கே அல்வா கொடுத்த கதை

ஜப்பானில் ஹமாமட்சு நகரத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், காலை எட்டு மணிக்கு ஒலிபெருக்கியில் பியானோ சத்தம் கேட்டது. கணக்குப் பிரிவு, வடிவமைப்புப் பிரிவு, சரக்குப் பிரிவு என்று அத்தனை பேரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று கையைச் சுழற்ற ஆரம்பித்தார்கள். நம்ம ஊர்ப் பள்ளிக்கூட டிரில் வகுப்பேதான். ராஜியோ தாய்சோ என்று பெயர். 1928-இல் வானொலியில் தொடங்கிய பழக்கம். இன்று எல்லாரும் செய்கிற முதல் பாடம் 1951-இல் வந்தது. 13 அசைவுகள், மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். ஐம்பதைத் தாண்டிய எங்கள் காச்சோ, அதாவது பிரிவுத் தலைவர், குனிந்து விரலால் தரையைத் தொட்டார். இருபத்தெட்டு வயதான எனக்குக் கை முழங்காலைத் தாண்டவில்லை.

இந்த மாதிரிக் கண்ணுக்குத் தெரிகிற பழக்கங்களை ஒரு மாதத்தில் பிடித்துக்கொள்ளலாம். விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் வாங்க வேண்டும். வாங்கியதும் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளாமல் மேஜைமேல் வைக்க வேண்டும். மற்றவர்களுக்கு முன்னால் வீட்டுக்குக் கிளம்பினால் "ஒசாகினி ஷிட்சுரேய் ஷிமாஸ்" என்று சொல்ல வேண்டும். முந்திக்கொண்டு போகிறேன், மன்னிக்கவும் என்று பொருள். தினமும் சொல்கிற மன்னிப்பு என்பதால் அதை நான் வெறும் "வரட்டுமா" என்றே எடுத்துக்கொண்டேன். என் தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

இரண்டாம் வருஷம் தங்கை கல்யாணம் வந்தது. பத்து வேலை நாள் லீவு கேட்டேன். காச்சோ மறுக்கவில்லை. எந்தெந்த நாள் என் எந்தெந்த வேலையை யார் பார்ப்பது என்று ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதச் சொன்னார். எழுதினேன். பிறகு அந்தக் கட்டத்தில் பெயர் இருந்த ஒவ்வொருவர் மேஜைக்கும் போய், தொந்தரவு கொடுக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. என் கணக்கில் இருக்கிற லீவை எடுக்க நான் ஏன் எட்டுப் பேரிடம் தலையைக் குனிய வேண்டும்? ஆனால் அங்கே லீவு என்பதே அப்படித்தான். சும்மா கிடக்கிற லீவை யாரும் தொடுவதில்லை என்பதால் சட்டமே தலையிட வேண்டியிருந்தது. வருஷத்துக்குப் பத்து நாளோ அதற்கு மேலோ சம்பள லீவு உள்ளவர் குறைந்தது ஐந்து நாளாவது எடுத்தே தீரும்படி நிறுவனம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2019 ஏப்ரல் முதல் விதி. லீவு எடுக்கச் சொல்லி சட்டம் போட்ட நாடு!

ஊரில் கல்யாணம் முடிந்து கிளம்பும்போது, ஆபீசில் கொடு என்று மாமா ஒரு கிலோ அல்வா வாங்கித் தந்தார். சாயங்காலம் வரிசையில் நின்று வாங்கிய, நெய் மினுங்கும் திருநெல்வேலி அல்வா. பிளாஸ்டிக் டப்பாவில் ஒரே பாளமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை டப்பாவைத் திறந்து, தேநீர் மேஜையில் வைத்து, "எடுத்துக்கங்க" என்றேன். எல்லாரும் வந்து பார்த்தார்கள். நிறத்தைப் பாராட்டினார்கள். நன்றி சொன்னார்கள். யாரும் தொடவில்லை. பத்தரை மணிக்குப் போய்ப் பார்க்கிறேன், பாளம் பாளமாகவே இருக்கிறது.

விஷயம் இதுதான். அங்கே ஊருக்குப் போய்வந்தவர் கொண்டுவரும் பலகாரத்துக்கு ஒமியாகே என்று பெயர். டப்பாவின் மேலேயே 12, 24 என்று எண்ணிக்கை அச்சாகியிருக்கும். உள்ளே ஒவ்வொன்றும் தனி உறையில். ஹொக்கைடோ போனவர் 1976 முதல் விற்கிற ஷிரோய் கோய்பிதோ பிஸ்கட்டோடு வருவார், டோக்கியோ போனவர் டோக்கியோ பனானாவோடு. தலையை எண்ணி வாங்குவார்கள், மேஜை மேஜையாக ஒன்று வைப்பார்கள். எனக்கு எவ்வளவு என்று தெரியாத பண்டத்தில் முதலில் கை வைக்கிற தைரியம் அங்கே எவருக்கும் கிடையாது.

கடைசியில் பொது நிர்வாகப் பிரிவு அம்மா ஒருவர் வந்தார். ஆபீசில் எல்லாரையும்விட மூத்தவர். தபால் எடை பார்க்கும் சின்னத் தராசையும், தேநீர் மேஜையிலிருந்து காகிதக் கோப்பைகளையும், மரக் கரண்டி ஒன்றையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "இருபத்து மூன்று பேர்" என்றார். கோப்பையை வைத்துத் தராசைப் பூஜ்யமாக்கினார். நாற்பது கிராம். அடுத்த கோப்பை, மறுபடியும் நாற்பது. கரண்டியிலிருந்து அல்வா வழுக்கி வழுக்கி விழுந்தது. இரண்டு கிராம் கூடினால் நுனியில் கிள்ளித் திரும்ப டப்பாவில் போட்டார். 23 கோப்பை முடிந்தபின் 80 கிராம் மிச்சம். சற்று யோசித்து, வாயில் காவலருக்கு ஒன்று, துப்புரவு செய்கிறவருக்கு ஒன்று என்றார். கணக்கு நேராகிவிட்டது. வெளியூர் போயிருந்த ஒருவரின் மேஜையில் கோப்பையை வைத்து, இந்தியாவிலிருந்து, இன்னார் கொடுத்தது என்று மஞ்சள் சீட்டும் ஒட்டினார். மறுநாள் பார்த்தால் கோப்பையைத் தாண்டி நெய் இறங்கி, அடியில் இருந்த வரைபடம் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. அதற்கும் நான் ஒருமுறை குனிந்தேன்.

காச்சோ ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடி யோசித்தார். "யோகான் மாதிரியே இருக்கு" என்றார், "எண்ணெய் போட்ட யோகான்." யோகான் என்பது அவர்களுடைய பயறுப் பாகு இனிப்பு. தமிழில் அல்வா கொடுப்பது என்றால் ஏமாற்றுவது என்று விளக்கப் பார்த்தேன். என் ஜப்பானிய மொழிக்கு அது தாங்கவில்லை, விட்டுவிட்டேன்.

கட்டம் போட்ட தாளும் இந்தப் பலகாரமும் ஒரே கணக்கின் வரவும் செலவும் என்று அன்றுதான் உறைத்தது. நான் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்த பத்து நாளும் இவர்கள் என் வேலையைத் தூக்கியிருக்கிறார்கள். எடோ காலத்தில், அதாவது 17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை, ஊரே காசு சேர்த்து ஒருவரை இசே கோயிலுக்கு அனுப்பும். போய்வந்தவர், காசு போட்டவர்களுக்கு ஏதாவது கொண்டுவர வேண்டும். ஒமியாகே வேரூன்றியது இப்படித்தான் என்பார்கள். பழனிக்குப் போய்வந்தவர் பஞ்சாமிர்த டப்பாவோடு தெருவில் நுழைகிற ஊர்க்காரனுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாம் தராசு வைப்பதில்லை, அவ்வளவுதான்.

எல்லாம் இனித்தது என்று சொல்ல மாட்டேன். வார இறுதியில் கியோட்டோவுக்குப் போனால்கூட மனசுக்குள் 23 என்ற எண் ஓடும். பயணம் போனதையே சொல்லாமல் மறைக்கிற ஆட்களும் உண்டு. காதலர் தினத்தில் ஆபீஸ் பெண்கள் எல்லா ஆண்களுக்கும் கடமைக்கு வாங்கிக் கொடுக்கும் கிரி சாக்லேட் இதே கணக்கின் இன்னொரு பக்கம். அந்தக் கடமையை விட்டுவிடுவோம் என்று 2018-இல் கோடிவா நிறுவனமே நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. சாக்லேட் விற்கிறவனே போதும் என்கிறான் என்றால் பாருங்கள். எங்கள் பிரிவில் அடுத்த ஆண்டே அது நின்றுபோனது. யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. ஒமியாகே மட்டும் நிற்கவில்லை.

அடுத்த முறை கோவில்பட்டிக் கடலை மிட்டாய் கொண்டுபோனேன். தனித்தனி உறை, முப்பது எண்ணம். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. தராசு அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

நான்கு வருஷம் முடிந்து நிரந்தரமாக ஊர் திரும்பும் மாதம், வீட்டில் எத்தனை பேர் என்று அவர் கேட்டார். ஒன்பது என்றேன். பாட்டி மட்டும் மீன்கூடத் தொடமாட்டார் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்திருக்கிறேன், எனக்கே நினைவில்லை. கடைசி நாள் உனகி பை டப்பா ஒன்றைக் கையில் கொடுத்தார். விலாங்கு மீன் பொடி கலந்த பிஸ்கட், 1961 முதல் ஹமாமட்சுவின் அடையாளம். "இரவுப் பலகாரம்" என்று உறையில் இருக்கும். சாப்பாட்டுக்குப் பின் குடும்பம் கூடி உட்காரும் நேரத்தை நினைத்துத்தான் அப்படி வைத்தார்களாம். ஊர் உலகம் வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு. பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து என்றார். டப்பாவின்மேல் தனியாக ஒரு சின்னப் பொட்டலம், பாட்டிக்கு என்று சீட்டு ஒட்டி. யோகான்.

வீட்டில் பாட்டி அதை ஒரு துண்டு வாயில் போட்டு மெதுவாக மென்றார்.

"நம்ம அல்வா மாதிரிதாம்ல இருக்கு" என்றார். "நெய்தான் விட மறந்துட்டா, பாவம்."