கப்பலில் ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன உடுத்துவது?

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்வரும் கப்பலில் இடம் பதிவு செய்த வாரத்திலேயே எங்கள் வீட்டில் துணி வாங்கும் பேச்சு தொடங்கிவிட்டது. மாமா எங்கோ படித்துவிட்டு, "கோட்டு சூட்டு இல்லாம சாப்பாட்டுக் கூடத்துக்குள்ள விடமாட்டாங்களாமே" என்றார். மகள் கடைத்தெருவுக்குப் போக நாள் குறித்தாள். அத்தை பட்டுப்புடவைகளை எடுத்து வெளியே வைத்தார். போய்வந்த பிறகு உறுதியாகச் சொல்கிறேன்: குடும்பத்தோடு இந்த மாதிரிக் கப்பலில் போகிறவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்கென்று புதுத் துணி எதுவும் வாங்க வேண்டாம். வீட்டில் இருப்பதில் எதை எடுத்துப் போவது என்பதில்தான் யோசனை வேண்டும்.

கோட்டு சூட்டு பயம் எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. குனார்ட் போன்ற பழைய மரபுள்ள நிறுவனங்களின் கப்பல்களில் கருப்பு டை அணியும் 'காலா' விருந்து இரவுகள் இன்றும் உண்டு. படங்களில் நாம் பார்ப்பதும் அதைத்தான். ஆனால் அது ஒரு தனி உலகம். நாங்கள் போன ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ் ராயல் கரீபியன் நிறுவனத்தின் கப்பல். 2019-இல் ஜெர்மனியின் மையர் வெர்ஃப்ட் தளத்தில் கட்டி முடித்து, முதலில் சீனப் பயணிகளை மனதில் வைத்து இறக்கினார்கள். 2022-இல் அது சிங்கப்பூருக்கு வந்து, சில காலம் அங்கிருந்து போய்வந்தது. ஏறியவர்களில் பெரும்பாலோர் குடும்பங்கள். மூன்று தலைமுறை சேர்ந்து வந்திருக்கும் சீனக் குடும்பங்கள், மலாய்க் குடும்பங்கள், இந்தியாவிலிருந்து குழுவாக வந்தவர்கள், சிங்கப்பூர்த் தமிழர்கள். இத்தனை பேருக்கும் ஒரே சீருடை சொல்லி எந்த நிறுவனமும் கப்பல் ஓட்ட முடியாது.

மூன்று, நான்கு இரவுப் பயணங்களில் பொதுவாக ஒரே ஒரு இரவுதான் நன்றாக உடுத்திக்கொண்டு வரச் சொல்வார்கள். மற்ற இரவுகள் எல்லாம் கேஷுவல். அன்றைக்கு எந்த உடை என்பது கப்பலின் செயலியில் அன்றைய நிகழ்ச்சி நிரலோடு சேர்ந்தே வரும். கேஷுவல் என்றால் ஜீன்ஸ், காலர் வைத்த டி-ஷர்ட், சாதாரண கவுன், குர்த்தா, சுடிதார். வேண்டாம் என்று சொல்வது மிகக் குறைவு: பிரதான உணவுக்கூடத்துக்கு நீச்சல் உடையில் வரக்கூடாது, வெறுங்காலோடு வரக்கூடாது, இரவில் கையில்லாத பனியன் கூடாது. 14-ஆவது தளத்தில் இருக்கும் விண்ட்ஜாமர் பஃபேயில் இன்னும் தளர்வு. அங்கேயும் நீச்சல் உடைக்கு மேல் ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும், காலில் செருப்பு வேண்டும், அவ்வளவுதான். ஜேமீஸ் இத்தாலியன் போல தனிக் கட்டணம் வாங்கும் உணவகங்களில் கொஞ்சம் எடுப்பாக வருகிறார்கள். நல்ல சட்டை, முழுக்கால் சட்டை இருந்தால் அங்கேயும் போதும்.

விதிகள் இவ்வளவுதான். ஆனால் கப்பலில் உடையைத் தீர்மானிப்பது விதி இல்லை. குளிர், காற்று, அப்புறம் நேரம்.

முதலில் குளிர். வெளியே மலாக்கா நீரிணையின் புழுக்கம். உள்ளே, உணவுக்கூடத்தில், ஏ.சி. நடுங்க வைக்கும். ஒரு வேளைச் சாப்பாடு ஒன்றே கால் மணி நேரம், ஒன்றரை மணி நேரம் போகும். முதலில் ரொட்டி, அப்புறம் சூப்போ சாலட்டோ, அப்புறம் பிரதான உணவு, கடைசியில் இனிப்பு என்று ஒவ்வொன்றாகத்தான் கொண்டு வருவார்கள். அதுவரை அசையாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும்தான் குளிர் முதலில் ஏறும். அத்தைக்கு அந்தச் சில்லிப்பு மூட்டு வலியைக் கிளப்பிவிடும் என்று தெரியும். அதனால் ஒரு கம்பளிச் சால்வையை எப்போதும் என் கைப்பையிலேயே வைத்திருந்தேன். பையனுக்கு முழுக்கை டி-ஷர்ட். பெண்களுக்கு என் சிபாரிசு, கையில்லாத கவுனை எடுத்துப்போவதானால் அதோடு சேரும் ஒரு மெல்லிய ஸ்வெட்டரையும் சேர்த்தே மடித்து வையுங்கள். சாப்பாடு முடிந்து நேரே டூ70 அரங்கத்துக்குக் காட்சி பார்க்கப் போனால் அங்கேயும் இதே குளிர்தான்.

அப்புறம் காற்று. சாப்பிட்டதும் யாருக்கும் அறைக்குப் போக மனம் வராது. மேல்தளத்துக்குப் போய் ஒரு நடை நடக்கத் தோன்றும். கப்பல் 22 நாட் வேகத்தில் போகிறது என்றால் மணிக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். கடலில் காற்றே அசையாத இரவிலும் தளத்தில் நிற்பவர் முகத்தில் அந்த 40 கிலோமீட்டர் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். எதிர்க்காற்றும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆகவே அகலமான ஷிஃபான் துப்பட்டா, சுற்றி விரியும் குட்டைப் பாவாடை, தலைப்பை அப்படியே விட்டுக் கட்டும் வழவழப்பான புடவை, இதெல்லாம் வேண்டாம். அத்தை தினமும் புடவைதான். தலைப்பை மடித்துத் தோளில் ஊக்கு குத்தி, இன்னொரு ஊக்கை இடுப்புப் பக்கம் குத்திக்கொண்டார். மூன்றாவது ஊக்கு என் பையில் இருந்தது. கடைசிவரை ஒரு சிரமமும் இல்லை.

புடவையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேஷுவல் இரவுகளுக்குப் பட்டு தேவையே இல்லை. கஞ்சி போட்ட கைத்தறியும் எனக்குச் சரியாகப் படவில்லை, ஏனென்றால் கப்பலில் இஸ்திரிப் பெட்டி கொண்டுபோக முடியாது. தீப்பிடிக்கும் அபாயத்தால் இஸ்திரிப் பெட்டி, ஆவியால் தேய்க்கும் கருவி இரண்டையும் பெரும்பாலான நிறுவனங்கள் தடுத்துவைத்திருக்கின்றன. ஏறும்போது பைகளை ஸ்கேன் செய்து எடுத்து வைத்துக்கொள்வார்கள். சலவைக்குப் போடலாம், காசு ஆகும். கசங்காத துணியாகப் பார்த்து எடுப்பதே வழி. மல் காட்டன், கசங்கியதுபோலவே நெய்த க்ரஷ் துணி, ரேயான், பின்னல் துணியில் தைத்த மேல்சட்டை எல்லாம் நன்றாக உழைத்தன. லேசான சுருக்கம் இருந்தால் சுடுதண்ணீரில் குளிக்கும்போது அந்தக் குளியலறையிலேயே தொங்கவிட்டால் போய்விடும். கப்பல் அறைகளின் சுவர்கள் உலோகத் தகடால் ஆனவை. காந்தக் கொக்கிகள் வாங்கிப் போனால் ஆளுக்கொன்றாக மறுநாள் உடையை மாட்டி வைக்கலாம். அறையில் உள்ள அலமாரி பெரிய குடும்பத்துக்குப் போதாது.

மாமாவின் வேட்டி எங்கள் வீட்டில் ஒரு தனி விவாதம். அவர் வீட்டிலும் வெளியிலும் வேட்டிதான். 2014-இல் சென்னையில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை ஒரு கிளப்பில் உள்ளே விடவில்லை என்று பெரிய செய்தியானதும், அதே ஆண்டு அப்படித் தடுக்கக் கூடாது என்று தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் கொண்டுவந்ததும் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. "நம்ம ஊர்லயே அந்தக் கதி, கடல் நடுவுல எந்தச் சட்டத்தைக் காட்டுறது?" என்றார். நான் ஏறிய அன்றே உணவுக்கூட வாசலில் கேட்டேன். கேஷுவல் இரவானாலும் சரி, நன்றாக உடுத்தும் இரவானாலும் சரி, அவரவர் நாட்டு உடையில் தாராளமாக வரலாம் என்றார்கள். முதல் இரவு வெள்ளை வேட்டியும் இளநீலச் சட்டையுமாக மாமா உள்ளே நுழைந்தபோது வாசலில் நின்ற பெண் வணக்கம் வைத்து மேசைவரை அழைத்துப் போனார். மாமாவின் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து எங்கள் எல்லோருக்கும் மனம் நிறைந்துவிட்டது. பெரியவர்களை அவர்கள் பழகிய உடையிலேயே விடுங்கள். வெளிநாட்டுப் பயணம் என்று புதிதாகப் பேண்ட் வாங்கிக் கொடுத்து, பெல்ட் இறுக்க, சாப்பிடவும் முடியாமல் அவர்கள் உட்கார்ந்திருப்பதில் என்ன பெருமை இருக்கிறது? ஒரே ஒரு மாற்றம் சொன்னேன். கப்பல் லேசாக ஆடும்போது மடித்துக் கட்டிய வேட்டியோடு தட்டு ஏந்தி நடப்பது கஷ்டம். அதனால் பஃபேவுக்குப் போகும் நேரங்களில் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த, பை வைத்த வேட்டி. அறைச் சாவியாகவும் பணமாகவும் இருக்கும் சீபாஸ் அட்டையை அந்தப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

இனி நேரம். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி இங்கேயும் முதல் பந்தி, இரண்டாம் பந்தி உண்டு. முதலாவது மாலை ஐந்தரை, ஆறு மணி வாக்கில், இரண்டாவது எட்டு மணி வாக்கில். நேரம் குறிக்காமல் வருகிற ஏற்பாடும் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் இருப்பவர்கள் முதல் பந்தியைத்தான் விரும்புவார்கள். ஆனால் கரையில் இறங்கிய நாளில் அதுதான் இடிக்கும். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பாதோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிட்டு நிற்கின்றன. சின்னப் படகில் கரைக்குப் போய், திரும்பவும் படகுக்கு வரிசையில் நின்று ஏற வேண்டும். மணலும் உப்பும் வியர்வையுமாகக் கப்பலுக்கு வந்து சேர்ந்தால் எல்லோரும் ஒரு குளியலறையில் குளித்து முடிக்கவே நேரம் சரியாக இருக்கும். அந்த மாலைக்கான உடையைக் காலையில் இறங்குவதற்கு முன்பே எடுத்துக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனோம். அன்றைக்கு முதல் பந்திக்கு நாங்கள் பதற்றமில்லாமல் போனதற்கு அதுதான் காரணம். அவ்வளவு அசதியாக இருந்தால் விண்ட்ஜாமருக்கு டி-ஷர்ட்டோடு போய்விடுவதிலும் தவறில்லை. குழந்தைகளுக்கு அன்றைக்கு வேண்டியது சோறும் தூக்கமும்.

பினாங்கு வேறு மாதிரி. ஜார்ஜ் டவுனில் ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து நடக்கும் தூரத்திலேயே லிட்டில் இந்தியா வந்துவிடுகிறது. 1833-இல் கட்டிய மகா மாரியம்மன் கோயில் அங்கேதான். கோயிலுக்குப் போவதால் எல்லோரும் கால் மூடிய பருத்தி உடை, அத்தை புடவை, மாமா வேட்டி. அதே உடையில் திரும்பி வந்து முகம் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தோம். கோயிலுக்குப் பொருந்தும் சுடிதார் கேஷுவல் இரவுக்கும் அப்படியே பொருந்துகிறது என்பதால், கரையில் இறங்கும் உடையையும் ராத்திரி சாப்பாட்டு உடையையும் ஒன்றாக்கிவிட்டால் பெட்டியில் பாதி இடம் மிச்சம்.

கணவருக்கு அங்கே ஒரு பட்டிக் சட்டை வாங்கினோம். இந்தப் பக்கத்து நாடுகளுக்குப் போகிற ஆண்களுக்கு இதைவிடச் சிறந்த உடை எனக்குத் தெரியவில்லை. மலேசியாவில் பட்டிக் சட்டை மரியாதைக்குரிய அலுவலக உடை. அரசு ஊழியர்கள் வியாழக்கிழமைகளில் அதை உடுத்தி வருவது அங்கே வழக்கம். பருத்தியில் வாங்கினால் வியர்வைக்கும் நல்லது. பூவேலை நிறைந்த துணி என்பதால் சுருக்கமும் தெரியாது, சாஸ் சிந்தினாலும் தெரியாது. அரைக்கை கேஷுவல் இரவுக்கு, முழுக்கை நன்றாக உடுத்தும் இரவுக்கு. கோட்டு தூக்கிக்கொண்டு விமானம் ஏறத் தேவையே இல்லை.

காலணியில் எனக்கு ஒரே ஒரு கருத்துதான்: குதிகால் உயர்ந்தது வேண்டாம். கம்பளம் விரித்த நீளமான நடைகள், அவ்வப்போது ஒரு ஆட்டம், மேலே ஈரத் தளம். பின்பட்டை உள்ள தட்டையான செருப்பு ஒன்று எல்லா இரவுக்கும் போதும்.

பெட்டியில் எதை எங்கே வைக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் இரவும் கடைசி இரவும் பெட்டி நம்மிடம் இருக்காது. மரினா பே கப்பல் முனையத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு, அறை வாசலில் பிறகு கொண்டுவந்து வைக்கிறார்கள். அது மாலைவரை ஆகலாம். சில சமயம் முதல் பந்தி முடிந்தும் வராது. ஆகவே முதல் இரவுக்கான உடை, குழந்தைகளின் நீச்சல் உடை, மாத்திரைகள் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். கடைசி இரவு இதற்கு நேர்மாறு. பெட்டிகளுக்குச் சீட்டு கட்டி, தூங்கப் போவதற்கு முன் அறை வாசலில் வைத்துவிட வேண்டும். காலையில் முனையத்தில் அந்தச் சீட்டின் நிறமும் எண்ணும் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். கடைசி இரவு சாப்பிட உடுத்துவதையே மறுநாள் இறங்கவும் உடுத்துவதென்று முடிவு செய்துவிட்டால் வேலை எளிது. நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஆளுக்கொரு இரவு உடையும் பல் துலக்கும் தூரிகையும் மட்டும் கைப்பையில் இருந்தன. பெட்டிகளை வாசலில் வைத்துவிட்டு, அத்தையின் சால்வையை எடுத்துக்கொண்டு மேல்தளத்துக்கு இன்னொரு முறை நடக்கப் போனோம்.