இபிஎஸ் மோட்டார் போச்சுன்னாங்க, கடைசில பார்த்தா ஒரு பிளாஸ்டிக் வளையம்

என் கார் 80 கிலோமீட்டர் வேகம் தாண்டினா போதும், ஸ்டியரிங் உதற ஆரம்பிச்சுடும். 90ல கை மரத்துப்போற அளவுக்கு ஆடும், 110 கிட்ட போனா என்னமோ கொஞ்சம் அடங்கிடும். ரெண்டு தடவை வீல் பேலன்சிங் (சக்கரத்தோட எடை சுத்திலும் சமமா இருக்கான்னு பார்த்து சரி பண்றது) பண்ணேன், மெஷின்ல ஜீரோ, அதாவது குறையே இல்லன்னு காட்டுது, ரோட்டுக்கு வந்தா அதே ஆட்டம். அலைன்மென்ட்டும் பண்ணியாச்சு, அது வேஸ்ட், அலைன்மென்ட் போயிருந்தா வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் தேயும், இப்படி உதறாதுன்னு அப்புறம்தான் புரிஞ்சுது.

மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து "இபிஎஸ் மோட்டார் போச்சு சார், ஸ்டியரிங் காலம் அசெம்ப்ளியோட மாத்தணும்"னுட்டாரு. இபிஎஸ்னா எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங், ஸ்டியரிங்க லேசா திருப்ப மோட்டார் கொடுக்கிற உதவி; காலம்னா ஸ்டியரிங்க தாங்குற தண்டு. எனக்கு மனசு ஒப்பல. இபிஎஸ் லைட் எரியல, ஸ்கேனர்ல எரர் கோடும் இல்ல. அதோட வேகம் கூடக்கூட இபிஎஸ் உதவி குறையும், மோட்டார் கோளாறுன்னா பார்க்கிங்ல திருப்பும்போதுதான முதல்ல தெரியணும்? அங்க வெண்ணெய் மாதிரி திரும்புது.

சரின்னு ஆளில்லாத நேரான ரோட்டுல வண்டிய நிறுத்தி, இக்னிஷன ஆஃப் பண்ணி, இபிஎஸ் ஃபியூஸ கழட்டிட்டு, திரும்ப ஸ்டார்ட் பண்ணி ஓட்டிப் பார்த்தேன். (டிராஃபிக்ல இத பண்ணாதீங்க, மெதுவா போகும்போது ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கும்.) 90ல அதே உதறல். அப்போ மோட்டார் இல்ல. 90ல சக்கரம் ஒரு செகண்டுக்கு 13 சுத்து கிட்ட சுத்தும், கைல வந்த துடிப்பும் ஏறக்குறைய அந்த வேகம்தான், அதனால சுத்துற ஏதோ ஒண்ணுதான்னு முடிவு பண்ணேன். பிரேக் போட்டா மட்டும் ஆடினா டிஸ்க்க சந்தேகப்படலாம், நின்னுட்டு இருக்கும்போது ஆடினா எஞ்சின் மவுண்ட். எனக்கு ரெண்டும் இல்ல.

அடுத்து முன்னாடி இடது வீல பின்னாடிக்கு மாத்தினேன். ஸ்டியரிங் நின்னுடுச்சு, இப்ப சீட்டு ஆடுது! ஆக அந்த வீல்தான். ஆனா மெஷின்ல ஜீரோ ஏன்?

கழட்டிப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது. வண்டில இருக்கிறது வெளிய வாங்கின அலாய் வீல், நடு ஓட்டை 73.1 மில்லிமீட்டர், கார் ஹப் (வீல் போய் உக்கார்ற நடுப்பகுதி) 54.1. அந்த இடைவெளிய அடைக்க நடுவுல ஒரு பிளாஸ்டிக் வளையம் வரணும், மத்த மூணுலயும் இருக்கு, இதுல பாதி உடைஞ்சு போயிருக்கு. பேலன்சிங் மெஷின்ல கூம்பு மாதிரி ஒரு கோன் போட்டு சரியா நடுவுல பிடிக்கிறதால ஜீரோ காட்டுது, கார்ல மாட்டும்போது வீல் துளி கீழ தொங்கிட்டே நட்டு டைட் ஆயிடுது. அவ்ளோதான் விஷயம்.

புது வளையம் போட்டு, ஹப் முகத்துல இருந்த துருவ கம்பி பிரஷ்ல தேய்ச்சு, வண்டிய ஜாக்கில வச்சபடியே நட்ட குறுக்கு நெடுக்கா கையால இறுக்கி, இறக்கினப்புறம் டார்க் ரெஞ்ச் (சரியான அளவுக்கு இறுக்குற ஸ்பானர்) போட்டேன். 90ல சுத்தமா ஆட்டமில்ல. இப்ப எங்க டயர் கழட்டினாலும் பக்கத்துலயே நின்னு வளையத்த எண்ணிப் பார்த்துட்டுதான் மாட்ட விடுறேன், கடைக்காரங்க ஒரு மாதிரியா பாக்குறாங்க, பார்த்துட்டு போகட்டும்.