இன்னைக்கு என்ன வெலை?

எங்கள் வீட்டில் யாரும் ஒரு பொருளின் விலை என்ன என்று கேட்கமாட்டார்கள். "இன்னைக்கு என்ன வெலை?" என்றுதான் கேட்பார்கள். பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிற குடும்பங்களில் இது பரம்பரை வியாதி. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போனதையும் பார்த்தோம். பறிகூலிகூடக் கட்டாமல் தோட்டத்தில் மாட்டை அவிழ்த்துவிட்ட வருஷங்களையும் பார்த்தோம். அதனால் பொட்டலத்தின் மேல் விலையை அச்சடிப்பதே அப்பாவைப் பொறுத்தவரை ஏமாற்று வேலை. காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை விற்காதது என்ன சரக்கு என்பார்.

அப்பேர்ப்பட்ட வீட்டில்தான் என் தங்கை மகன் 2025 கோடை லீவில் வந்து விஆர் ஹெட்செட் கேட்டான். கண்ணில் மாட்டினால் வேறோர் இடத்துக்குள் நிற்பதுபோலவே காட்டும் பெட்டி அது.

இதற்கு விதை போட்டது கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி. முந்தின வருஷம் கூட்டிப்போயிருந்தோம். அல்போன்சா, செந்தூரா, மல்கோவா என்று வரிசையாக அடுக்கி வைத்திருந்ததை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓரத்தில் முட்டை மாதிரி ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணில் கருப்புப் பெட்டியை மாட்டி, நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ஆட்டிவிடும் கடை ஒன்று இருந்தது. அதில் ஏறி இறங்கியவன்தான். எட்டாவது முடிக்கும்வரை மனசுக்குள்ளேயே வைத்திருந்து, மார்க் வந்த கையோடு ஆரம்பித்துவிட்டான்.

முதலில் தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மொபைல் கடைக்குப் போனோம். "விஆரா? இருக்குதே!" என்று கடைக்காரர் மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார். பிளாஸ்டிக் முகமூடி, ரெண்டு லென்ஸ், ஒரு பட்டை. அவ்வளவுதான். படம் காட்ட வேண்டியது நம் போன். 2014இல் கூகுள் அட்டைப்பெட்டியில் செய்துகாட்டிய அதே ஐடியா. 2023 ஐபிஎல் சமயத்தில் ஜியோகூட 1,299 ரூபாய்க்கு இப்படி ஒன்றை விட்டார்கள். கடைக்காரர் கேட்டது அதைவிடக் குறைவு.

மருமகன் என் போனை அதற்குள் சொருகி மாட்டிக்கொண்டான். மலை தெரிந்தது. வலதுபக்கம் திரும்பினான். அதே மலை. இடதுபக்கம் திரும்பினான். அதே மலை. முழுசாக ஒரு சுற்று சுற்றிவிட்டான். மலை மூக்குக்கு நேராக அவன்கூடவே சுற்றி வந்தது.

"அண்ணே, திரும்பினா படம் திரும்ப மாட்டேங்குதே?"

"எதுக்குத் தம்பி திரும்பற? கழுத்து வலிக்கும். நேராப் பாரு."

விஷயம் என்னவென்றால், தலை எந்தப் பக்கம் போகிறது என்று போனுக்குத் தெரிய உள்ளே ஜைரோஸ்கோப் என்று ஒரு சமாச்சாரம் இருக்க வேண்டும். மலிவு போன் பலவற்றில் அது இருக்காது. என் போன் அந்த ஜாதி. "மாமா, நீ முதல்ல போனை மாத்து" என்றான். செலவு என் பக்கம் திரும்புவதைப் பார்த்ததும் சட்டென்று வெளியே கூட்டிவந்துவிட்டேன்.

வீட்டில் உட்கார்ந்து ஒரு நோட்டில் நிஜமான ஹெட்செட் விலையெல்லாம் எழுதினான். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டான். குவெஸ்ட் 3எஸ், 2024 அக்டோபரில் வந்தது, 299 டாலர், 25,415 ரூபாய். குவெஸ்ட் 3, 2023இல் வந்தபோது 499 டாலர், 42,415 ரூபாய். ஆப்பிள் விஷன் புரோ, 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் வந்தது, 3,499 டாலர், 2,97,415 ரூபாய். கடைசி வரியை ஆசைக்கு எழுதினான் போல.

அப்பா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி நோட்டைப் பார்த்தார். விலையைப் பார்த்து மயக்கம் போடுவார் என்று நாங்கள் இருந்தோம். அவர் கேட்டதே வேறு.

"எல்லாத்துக்கும் வாலுல நானூத்திப் பதினஞ்சு வருது. அது யாரு கமிஷன்?"

நானும் அப்போதுதான் கவனித்தேன். கூட்டல் தப்பு ஒன்றும் இல்லை. 300 என்று சொன்னால் வலிக்கும் என்று 299. 500க்கு 499. 3,500க்கு 3,499. மூன்றிலும் அந்த ஒரு டாலர், நம்ம 85 ரூபாய், ஐநூறிலிருந்து கழிந்து 415ஆக நிற்கிறது. விளக்கிச் சொன்னேன். "செருப்புக் கடைக்காரன் புத்தி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, தன் கணக்குக்கு வந்தார். தக்காளி கிலோ நூறு ரூபாய் விற்கிற அன்றைக்கு 25 கிலோ கிரேடு (பழம் அடுக்குகிற பிளாஸ்டிக் பெட்டி) பதினொன்று கொடுத்தால் 3எஸ் கைக்கு வந்துவிடும். கிலோ ஐந்து ரூபாய் என்றால் 200 கிரேடுக்கு மேல் ஏற்ற வேண்டும்.

"ஆக, இது எந்த மாசம் வாங்கற பொருளு? அதைச் சொல்லு முதல்ல."

மாசம் ஒரு பக்கம் இருக்கட்டும், வாங்க எங்கே போவது? 2014இல் ஆக்குலஸ் என்ற கம்பெனியை 200 கோடி டாலர் போட்டு ஃபேஸ்புக் வாங்கியது. இன்றைக்கு மெட்டா என்று பெயர் மாற்றிக்கொண்டு இந்த குவெஸ்ட் ஹெட்செட்டை விற்பது அவர்கள்தான். ஆனால் அப்போது இந்தியாவில் நேரடியாக விற்கவில்லை. அதே மெட்டாவின் ரே-பான் கேமரா கண்ணாடி 2025 மே மாதம் 29,900 ரூபாயிலிருந்து இங்கே வந்துவிட்டது. ஹெட்செட் வரவில்லை. விஷன் புரோவையும் ஆப்பிள் இங்கே விற்கவில்லை. இதைக் கேட்டதும் அப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "கம்பெனியையே வெலைக்கு வாங்கினவன், பாலக்கோட்டுல ஒரு கடை போட மாட்டானா?"

அதனால் இங்கே கிடைத்ததெல்லாம் யாரோ எங்கிருந்தோ இறக்கிய சரக்கு. ஆன்லைனில் பார்த்தால் அதே 3எஸ் ஆளுக்கு ஒரு விலை. பெங்களூரில் ஒரு கடை நம்பர் கிடைத்தது. காலையில் போன் செய்தேன், 36,000 என்றார். அப்பாவைக் கேட்டுவிட்டுச் சாயங்காலம் கூப்பிட்டேன், 38,500. காலையில் குறைவாகச் சொன்னீர்களே என்றதற்கு, "அது காலைல சார்" என்றார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இத்தனை நாளில் அவருக்குப் புரிகிற பாஷை பேசிய முதல் ஆள்! போனை வாங்கித் தானே பேச ஆரம்பித்துவிட்டார்.

"பில்லு உண்டா?"

"பில் போட்டா வேற ரேட் சார்."

"கெட்டுப்போச்சுன்னா?"

"நான் இருக்கேன் சார்."

"நீ கெட்டுப்போனா?"

லைன் கட்டாகிவிட்டது. அப்பாவுக்கு ஆள் பிடித்துப்போய்விட்டது, பேரம்தான் படியவில்லை. மெட்டா இங்கே விற்காத பொருளுக்கு இங்கே சர்வீஸ் சென்டர் எங்கிருந்து வரும்? ஆகாத நேரத்தில் கண்ணாடி ஒருபக்கம் இருட்டிக்கொண்டால் 38,500 ரூபாயும் அலமாரியில்தான். அந்த யோசனையை அதோடு விட்டோம்.

பையன் முகம் சுண்டிப்போனதால், ஆறுதலாக நான் கொஞ்சம் வரலாறு எடுத்துவிட்டேன். 2016இல் இதே ஆக்குலஸ் ரிஃப்ட் 599 டாலர், எச்டிசி வைவ் 799 டாலர். அதுவும் அதை ஓட்டத் தனியாகப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டும், மண்டையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர் வேறு. இப்போது கம்ப்யூட்டரும் இல்லை, ஒயரும் இல்லை, விலையும் பாதி. "இன்னும் ரெண்டு வருஷம் பொறுத்தா இன்னும் கொறையும்டா" என்றேன். அவன் உடனே போனில் தேடி நீட்டினான். குவெஸ்ட் 2, 2020இல் 299 டாலர். 2022 ஆகஸ்டில் அதே மாடல் 399. ரெண்டு வருஷம் பொறுத்தவன் நூறு டாலர் அதிகம் கொடுத்திருக்கிறான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆறுதல் சொல்வது எவ்வளவு கஷ்டம் பாருங்கள். அப்பாவுக்கோ ஒரே சந்தோஷம். "பழைய சரக்குக்கு வெலையை ஏத்தியிருக்கான் பாரு, அவன் வியாபாரி!"

கடைசியில் வழி பிறந்தது டல்லாஸில். சித்தப்பா மகன் அங்கே இருக்கிறான். ஜூனில் குடும்பத்தோடு வருவதாக இருந்தான். விமானத்தில் வருகிறவர்கள் 50,000 ரூபாய் வரை சாமான் தீர்வையில்லாமல் கொண்டுவரலாம் என்று அப்போது விதி. ஒரு 3எஸ் அதற்குள் அடங்கும். அடங்கினாலும் பெங்களூர் ஏர்போர்ட்டில் தீர்வை கட்ட ஒன்றுமில்லாதவர்கள் போகிற பச்சை வழியாக வெளியே வரும்வரை நெஞ்சு படபடவென்று அடித்ததாகச் சொன்னான். அவனை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லையாம்.

பெட்டியைப் பிரித்ததும் முதலில் கையில் வாங்கியவர் அப்பா. மேலும் கீழும் ரெண்டு தடவை தூக்கிப் பார்த்து, "அரைக் கிலோ. ஒரு பத்து பதினஞ்சு கிராம் தூக்கலு" என்றார். மருமகன் நெட்டில் பார்த்தான். 514 கிராம். எங்கள் யாருக்கும் ஆச்சரியம் இல்லை, டல்லாஸ்காரனின் பிள்ளைகள்தான் வாயைப் பிளந்தார்கள். "கிலோ அம்பதாயிரம் ஆவுது" என்று அப்பா அடுத்த கணக்கையும் போட்டார்.

ஆட ரெண்டு மீட்டருக்கு ரெண்டு மீட்டர் காலி இடம் வேண்டும் என்று அது கேட்டது. எங்கள் ஹாலில் கட்டில், தையல் மிஷின், காலி கிரேடு அடுக்கு, ஆயா என்று நாலு நிரந்தரப் பொருள்கள். முதல் மூன்றை வெளியே போட்டோம். ஆயா நகரவில்லை.

அப்பாவுக்கு மாட்டிவிட்டோம். இதில் வெளியே இருக்கிற கேமராக்கள் நம் சுற்றுப்புறத்தையே கலரில் பிடித்து உள்ளே காட்டும், அதன்மேல்தான் பொம்மைகள் வந்து உட்காரும். அப்பா மெதுவாக நாலு பக்கமும் திரும்பினார். சுவர், காலண்டர், தாத்தா படம், நாங்கள்.

"இது நம்ம ஊடு."

"ஆமாம் தாத்தா!"

"நம்ம ஊட்டைப் பாக்கறதுக்கா இருபத்தஞ்சாயிரம்? கழட்டினா ஓசியிலயே தெரியுதே."

பையன் பதறிப்போய் ஒரு விளையாட்டைப் போட்டுவிட்டான். சுவரைச் சுட்டால் சுவர் பெயர்ந்து ஓட்டை விழும், அந்தப் பக்கம் வேறு கிரகம் தெரியும், ஓட்டை வழியாகச் சடை உருண்டைகள் உள்ளே குதித்து வரும். அப்பா தெரியாத்தனமாக விசையை அழுத்திவிட்டார் போலிருக்கிறது. "டேய் டேய் டேய்! பொங்கலுக்குத்தான்டா பெயிண்ட் அடிச்சது!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய்ச் சுவரில் கையை வைத்துத் தடவினார். சுவர் நன்றாகத்தான் இருந்தது. கழற்றிய பிறகும் இன்னொரு தடவை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

ஆயாவுக்கு 360 டிகிரி வீடியோவில் பனிமலை போட்டோம். போர்வை கேட்டார். கொடுத்தோம். போர்த்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கழற்றும்போது பார்த்தால், அவர் நெற்றி விபூதி அந்தக் கருப்பு ஸ்பாஞ்சில் பட்டை பட்டையாக அப்படியே இறங்கியிருந்தது. அதற்குள் தெருவே திண்ணையில் வரிசை கட்டிவிட்டது. அடுத்தடுத்து மாட்டிய எல்லார் நெற்றியிலும் மூன்று பட்டை. பக்கத்து வீட்டு நாமக்காரத் தாத்தா வீட்டுக்குப் போய்க் கண்ணாடி பார்த்துவிட்டு, மறுபடி வந்து எங்களை ஒரு பார்வை பார்த்தார்.

என் தங்கை ரோலர் கோஸ்டர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். நாற்காலியில் சௌகரியமாக உட்கார்ந்தபடியே பாதியில் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினாள். ஓடுகிறாய் என்கிறது கண், உட்கார்ந்திருக்கிறாய் என்கிறது காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு. ரெண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வயிறு புரண்டுவிடுகிறது. ஆயா இதையெல்லாம் கேட்காமலே எலுமிச்சம்பழத்தைக் கீறி நீட்டினார். ஏற்காடு பஸ்ஸுக்குக் கொடுக்கிற அதே வைத்தியம், அதே பலன். ரெண்டு மணி நேரம் சொச்சத்தில் சார்ஜ் தீர்ந்து, கூட்டம் கலைந்தது.

ராத்திரி கணக்குத் தீர்க்க உட்கார்ந்தார்கள். அப்பா தோளிலிருந்து துண்டை எடுத்து, டல்லாஸ்காரன் கையைப் பிடித்து மூடினார். மாட்டுச் சந்தைப் பழக்கம், விரலாலேயே விலை பேசுவது. அவனுக்குக் கூச்சம் தாங்கவில்லை, சிரித்துக்கொண்டே கையை இழுத்துவிட்டான்.

"வாயாலயே சொல்றேன் பெரியப்பா. 27,512."

"நோட்டுல 25,415ன்னு இருக்குது. வாலும் மாறுது, தலையும் மாறுது?"

அமெரிக்காவில் ஒட்டியிருக்கிற விலையில் வரி சேராது, கல்லாவில் நிற்கும்போதுதான் கூட்டுவார்கள், டல்லாஸில் அது 8.25 சதவீதம், ஆக 323 டாலர் 67 சென்ட் என்று ரசீதை எடுத்துக் காட்டினான். அப்பா ரசீதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அங்கயும் மார்க்கெட் சுங்கம் உண்டா?" என்று கேட்டவர், மறுபேச்சு இல்லாமல் 27,000 எண்ணிக் கொடுத்தார். பாக்கி 512க்குத் தக்காளித் தொக்கும் கேழ்வரகு மாவும். அது 512 ரூபாய்க்கு மேலேயே வரும் என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

மறுநாள் காலை திண்ணையில் அப்பா பழைய மண்டி நோட்டோடு உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் வரிசையில் நின்றவர்களில் மூன்று பேர் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று வந்திருந்தார்கள். ஆளுக்கு ஆயிரம் அட்வான்ஸ் வரவு. விலை எவ்வளவு என்று கேட்டதற்கு, "சரக்கு எறங்கற அன்னைக்கு என்ன வெலையோ, அது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். டல்லாஸ்காரன் பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்து இதைப் பார்த்துவிட்டான்.

"பெரியப்பா, அடுத்த வருஷம் எனக்கு லீவு கெடைக்கறது கஷ்டம்."

"அதுக்கென்ன, சரக்கை மட்டும் அனுப்பு" என்றபடி அப்பா நாலாவது பெயரை எழுதினார்.